கொட்டினால் யார் அள்ளுவது?

வினாயகபுரத்தில் ஒரு பல்தேவைக் கட்டடத்தில் பதினான்கு பெண்கள் பாய் விரித்து வட்டமாக அமர்ந்திருந்தோம். கடற்காற்று யன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. "மனதில் இருப்பதை அடக்கி வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள், பாரம் குறையும்" என்று வழக்கம்போல நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சிப் பட்டறைகளில் எனக்குக் கற்றுத்தந்த வசனம் அது. எத்தனையோ கிராமங்களில் சொல்லியிருக்கிறேன்.

மூலையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தங்கச்சி கேட்டாள்: "கொட்டச் சொல்றீங்க மிஸ். கொட்டினா ஆரு அள்ளுற? நீங்க நாலு மணி பஸ்ஸில போயிருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. சமூகவியல் படித்தவள், பல வருடங்களாக இந்தக் கரையோரக் கிராமங்களில் வேலை செய்பவள். அப்படியிருந்தும் என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அடக்கம் என்று எதைக் கற்றோம்?

பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லப்படுவது அடக்கம்தான். அடக்கமாக இரு, அடக்கமாகச் சிரி, அடக்கமாகப் பேசு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பழமொழியும் சொல்வார்கள். பூமியை ஆண்ட பெண்களை நாம் அதிகம் கண்டதில்லை. பொறுத்த பெண்களைத்தான் வீட்டுக்கு வீடு கண்டிருக்கிறோம்.

இந்தச் சாதாரண அடக்கத்தின்மேல் யுத்தம் இன்னோர் அடக்கத்தை ஏற்றி வைத்தது. அது உயிர் தப்புவதற்கான அடக்கம். வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவனுக்காக வாசலில் நின்று குளறினால் அடுத்த பிள்ளைக்கும் ஆபத்து வரலாம். சோதனைச் சாவடியில் முகம் மாறினால் சந்தேகம் வரும். எனவே பெண்கள் முகத்தை மூடிக்கொள்ளாமலே மூடிக்கொள்ளப் பழகினார்கள்.

1990ஆம் ஆண்டை நமது மாகாணத்துப் பெண்கள் எவரும் மறக்க மாட்டார்கள். யூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டு செல்லப்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் உறவினர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. தாய்மார் இரு சமூகத்திலும் இருந்தார்கள். உடல் கிடைக்காத சாவு இரு சமூகத்துக்கும் பொதுவாயிற்று.

உடல் இல்லாத இடத்தில் செத்த வீடு இல்லை. செத்த வீடு இல்லாத இடத்தில் அழுவதற்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. அடக்கம் அங்கே பழக்கமாகி, பழக்கம் பின்னர் உடம்பாகி விடுகிறது.

அடக்கியது எங்கே போகிறது?

எமது குழுவில் வயதான ஒரு பெரியம்மா இருக்கிறார். (அவரை யாரும் இனங்காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) கணவனை யுத்தத்தில் இழந்தவர். இழந்தாரா என்பதுகூட அவருக்கு உறுதியில்லை. மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்து, மூவருக்கும் வீடு கொடுத்து, கலியாணம் செய்துவைத்தார். "நான் ஒரு நாளும் அழல்ல, புள்ள" என்று பெருமையாகச் சொல்வார். அவருக்குத் தீராத தலையிடி. நெஞ்சுக்குள் நெருப்பு எரிகிறது என்பார். கிளினிக் கொப்பிகள் மூன்று வைத்திருக்கிறார். ஒரு நாள் பேத்தி பால் கோப்பையைத் தட்டிவிட்டதற்காக அவளை அகப்பைக் காம்பால் அடித்துவிட்டார். அடித்ததன் பிறகு கை நிற்கவில்லை. மகள்மார் வந்து பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

"அது நானில்ல கா. என்ர கை தானா அடிச்சிச்சு" என்று எம்மிடம் சொல்லும்போது அவரது உதடு நடுங்கியது. அப்போதும் கண்ணீர் வரவில்லை.

எல்லாத் தலையிடியும் மனத்துயர் அல்ல. வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் சொல்லாத துயரம் உடம்பின் வழியாகப் பேசும் என்பதை எமது வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் யுத்தத்தின் உளக்காயத்தை 'மனவடு' என்ற சொல்லால் நமக்கு அறிமுகப்படுத்தினார். வடு என்றால் புண் ஆறிய தழும்பு. பெரியம்மாவின் புண்ணோ ஆறவும் இல்லை, திறக்கவும் இல்லை.

அடக்கம் உடைவது வேறு, அடக்கத்தை நாமாக அவிழ்ப்பது வேறு. பேத்தியை அடித்த அன்று நடந்தது உடைவு. அவிழ்ப்பது எப்படி என்பதை நமது மூத்த பெண்கள் அறிந்திருந்தார்கள்.

ஒப்பாரிக்கும் ஒழுங்கு உண்டு

ஒப்பாரியைப் படித்தவர்கள் பலர் நாகரிகமில்லாத பழக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நானும் சிறுவயதில் வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு செத்த வீட்டில் ஓரமாக இருந்து கவனித்துப் பாருங்கள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அமர்வார்கள். ஒருத்தி தொடங்குவாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். புதிதாக ஒரு உறவுக்காரி படலைக்குள் நுழைந்தால் அழுகை மீண்டும் எழும். பின்னர் தணியும். அளவுக்கு மிஞ்சிப் போகிறவளை இன்னொருத்தி இழுத்து அணைத்துக்கொள்வாள். முகம் கழுவத் தண்ணீர் வரும், தேத்தண்ணி வரும்.

இன்னொன்றும் நடக்கும். சாதாரண நாளில் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். வருத்தத்தில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணனை, காணியைப் பிடுங்கிய மச்சானை, ஒப்பாரியில் பேர் சொல்லிக் கேட்கலாம். எவரும் அவளை அடங்காதவள் என்று சொல்வதில்லை. அந்த ஒரு நாளைக்கு ஊரே அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

இக்கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருப்பதை நாம் அறிவோம். மகளுக்கு வீடு கொடுத்துத் தாய்க்குப் பக்கத்திலேயே இருத்துவது நமது வழக்கம். அதனால் அழுகிறவளின் பக்கத்தில் தாயும் சகோதரிகளும் சின்னம்மாவும் எப்போதும் இருந்தார்கள். யுத்தமும் இடப்பெயர்வும், அதன்பின் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியும் அந்த வளவுகளைக் கலைத்தன. சுனாமியில் இலங்கையிலேயே அதிகமானோர் இறந்தது எமது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். தப்பியவர்கள் முகாமுக்கும், அங்கிருந்து புதிய வீட்டுத்திட்டங்களுக்கும் சிதறினார்கள். அடுத்த வீட்டில் யார் என்று தெரியாத இடத்தில் ஒப்பாரியை யாரோடு தொடங்குவது?

தெய்வம் ஆடிய பெண்கள்

செத்த வீடு இல்லாதவர்கள் கோயிலுக்குப் போனார்கள். 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இதனை விரிவாக எழுதியுள்ளார். யுத்தம் கடுமையான அந்த ஆண்டுகளில் அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரும், தீ மிதிப்போரும் பெருகினர் என்று அவர் பதிவு செய்தார். காணாமற்போனவரின் தாயும் மனைவியும் "இருக்கிறானா, இல்லையா" என்று கேட்டு வந்தார்கள். வாக்குச் சொல்பவர்களில் பலர் பெண்கள். பிடிபட்டவன் பட்ட வேதனையைத் தம் உடம்பிலேயே அனுபவித்துக் காட்டினார்கள். வெளியில் யாரும் வாய்திறக்க முடியாத காலத்தில், வதை என்ற சொல்லும் காணாமற்போனவனின் பெயரும் உரத்து ஒலித்த இடம் அது ஒன்றுதான்.

தெய்வம் வந்ததா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒரு சமூகவியல் மாணவியாக நான் காண்பது அதன் ஒழுங்கைத்தான். சடங்குக்கு நாள் உண்டு. உடுக்கும் பறையும் எழுப்பும். ஆடுகிறவள் கூந்தல் அவிழ்வாள், கத்துவாள், விழுவாள். விழுமுன் தாங்க இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள். முடிந்ததும் தண்ணீர் தெளித்து, வேப்பிலையால் தடவி, இருத்தி விடுவார்கள். மறுநாள் அவள் கிணற்றடியில் எல்லோரையும் போல உடுப்புத் துவைப்பாள். "நேத்து ஏன் அப்படிக் கத்தினாய்?" என்று எவரும் கேட்பதில்லை.

இதில் குறையும் உண்டு. "உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான்" என்ற ஒரு வாக்கை நம்பி ஆண்டுக்கணக்காக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். துயரத்தை வைத்துக் காசு பிடுங்கியவர்களும் இருக்கிறார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் தொடக்கம், துணை, திரும்பி வரும் வழி என்ற மூன்றும் அங்கே இருந்தன.

கண்ணகிக்கும் குளிர்த்தி

தம்பிலுவில், காரைதீவு முதலான ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை பாடப்படும். முடிவில் குளிர்த்தி. சிறுவயதிலிருந்தே பார்த்த சடங்கு என்பதால் அதன் பெயரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தத் தங்கச்சியின் கேள்விக்குப் பிறகுதான் யோசித்தேன்.

கண்ணகியைவிட அடக்கமானவள் யார்? கணவன் விட்டுப் போனபோது பொறுத்தாள். திரும்பி வந்தபோது காற்சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அநியாயமாகக் கொல்லப்பட்டபோதுதான் அவிழ்ந்தாள். அரசவையில் வழக்குரைத்தாள், மதுரை எரிந்தது. உலகம் கதையை அங்கே நிறுத்திப் போற்றுகிறது. நமது ஊர் அங்கே நிறுத்தவில்லை. எரிந்து நிற்கும் பெண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது, அவளைக் குளிர்விக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் ஊர் கூடி நிற்கிறது. நீ ஏன் கோபப்பட்டாய் என்று கேட்பதில்லை. கோபம் நியாயம் என்று ஏற்றுக்கொண்டுதான் குளிர்விக்கிறது.

"கொட்டினால் யார் அள்ளுவது?" என்ற கேள்விக்கு நமது ஊர் எப்போதோ பதில் வைத்திருக்கிறது. அதை நாம்தான் கோயிலுக்குள் மட்டும் வைத்துப் பூட்டிவிட்டோம்.

உம்மாமாரின் வழி

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளின் வழி வேறு. குரலெடுத்துக் குளறுவதும் மாரடிப்பதும் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. ஆனால் கண்ணீர் விலக்கப்படவில்லை. நபிகள் நாயகம் தமது சின்ன மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள் என்பதை எல்லா உம்மாமாரும் அறிவர். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும்போது, உறவுப் பெண்கள் வந்து கூட இருப்பார்கள். சமைத்துக் கொடுப்பார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அதுவும் ஒரு தாங்கல்தான்.

கணவன் காணாமற்போன ஒரு ராத்தா எனக்குச் சொன்னார்: "மௌத்தாகிட்டார் எண்டு தெரிஞ்சா இத்தாவிலயாவது இருந்திருப்பன் தங்கச்சி. எப்ப தொடங்குற எண்டே தெரியாமப் போச்சு." பெரியம்மாவுக்கு ஒப்பாரி இல்லாமற் போனது போலவே ராத்தாவுக்கு இத்தாவும் இல்லாமற் போயிற்று. இருவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். ஒருவர் கதை ஒருவருக்குத் தெரியாது.

வீதியிலும் அவிழ்ந்தார்கள்

அடக்கத்தை வீட்டிலும் கோயிலிலும் மட்டுமல்ல, பொது வெளியிலும் பெண்கள் அவிழ்த்திருக்கிறார்கள். தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1990இல் அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். 1992 யூன் 23ஆம் திகதி கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் கூடி அழுதார்கள், நீதி கேட்டுத் தெய்வத்திடம் முறையிட்டார்கள். ஊர்வலத்தை நிறுத்தலாம், கோயிலில் அழும் தாயை எப்படி நிறுத்துவது?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. புகைப்படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தத் தாய்மார் கதறியதை நாம் கண்டோம். அதற்கு முதல் வருடம், 2016இல், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறவும் அதே வருடத்தில் சட்டத்தில் இடம் வைக்கப்பட்டது. கடதாசி வந்தது, பதில் வரவில்லை. போராட்டத்தில் இருந்தபடியே கண்மூடிய தாய்மாரும் உண்டு.

அவிழ்ப்பது என்றால் எதுவும் செய்யலாம் என்பதல்ல

"உள்ளே வைத்திருக்காதே, வெளியே விடு" என்பதைச் சிலர் பிள்ளையை அடிக்கவும், குடிக்கவும், வாயில் வந்ததைப் பேசவும் நியாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. 2002இல் வெளியான பிரட் புஷ்மன் என்ற உளவியலாளரின் ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் குறையவில்லை, கூடியிருந்தது.

வற்புறுத்திப் பேச வைப்பதும் உதவியல்ல. சுனாமி வந்தபோது நான் பாடசாலைப் பிள்ளை. யார் யாரோ வந்து எங்களைக் கடலைக் கீறச் சொன்னார்கள், செத்தவர்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள், போய்விட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏனைய அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்க வேண்டாம் என்றே கூறுகிறது. சொல்ல விரும்பினால் கேள், விரும்பாவிட்டால் பக்கத்தில் இரு. இதை எங்கள் கிழவிமார் கைநூல் இல்லாமலே செய்தார்கள்.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. உலகிலேயே மிகக் கூடிய வீதங்களில் அது ஒன்று. ஆபத்தான பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது என்ன? உடைந்து போகும் அந்த நேரம் கடந்து போகும் நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இருக்கிறதா, ஒரு மனுஷி இருக்கிறாளா என்பதுதான் பலரின் உயிரைத் தீர்மானிக்கிறது. வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைக்க வேண்டி வந்தால் பூட்டி, திறப்பை இன்னொருவரிடம் கொடுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

எமது குழு அந்தக் கேள்விக்குப் பிறகு சில ஒழுங்குகளைச் செய்துகொண்டது. உங்கள் ஊரிலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, கூட்டம் தொடங்க முன்னரே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அழுதவள் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போகக் கூடாது.

இரண்டாவது, அன்று பேசியவளை வீடு வரைக்கும் ஒருத்தி கூட்டிச் செல்ல வேண்டும். அடுத்த நாள் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். மிஸ் அல்ல, ஊருக்குள் இருப்பவள்.

மூன்றாவது, கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. கிணற்றடிக்குப் போன கதை திரும்ப உள்ளே வராது.

நான்காவது, பேசாமல் இருப்பவளை விட்டுவிட வேண்டும். அடக்கமும் ஒருத்தியின் பலமாக இருக்கலாம். எப்போது அவிழ்ப்பது என்பது அவளது உரிமை.

ஐந்தாவது, நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருத்திக்கு வந்தால் நாமே வைத்து மாரடிக்காமல் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். தேசிய மனநல உதவிக்கு 1926, பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு 1938 என்ற இலக்கங்களைப் பிள்ளைகளின் கொப்பியிலும் எழுதி வைப்போம்.

பெரியம்மா

சென்ற வைகாசியில் எமது குழுவில் ஒரு சகோதரி தன் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பெரியம்மா எழும்பினார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தோம். அவர் போய் அந்தச் சகோதரியின் பக்கத்தில் இருந்து தோளில் கைபோட்டார். சற்று நேரத்தில் மெல்லிய குரலில் கணவன் பெயரைச் சொன்னார். மகள்மாரே கேட்டிராத குரல் அது. பிறகு அது ஒப்பாரியாயிற்று. அத்தனை வருடத்து ஒப்பாரி. உடலில்லை, பறையில்லை. நாங்கள் பதினான்கு பேர் மட்டும்.

முடிந்ததும் கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சிதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பெரியம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அன்று மாலை அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனதும் அவள்தான்.

தலையிடி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. கணவனும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் பெரியம்மா பேத்தியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "உனக்கு நாலு மணி பஸ் இருக்கு, நீ போ புள்ள. இஞ்ச நாங்க இருக்கம்" என்றார்.